பாடகரை விட்டுவிட்டு வயலினைத் தொடருங்கள்: பழைய ஆர்கெஸ்ட்ரா பாப்புக்குள் நுழைய ஒரு வழிகாட்டி

எனக்கு இந்த இசை முதலில் பிடிக்கவில்லை. லிஃப்ட்டிலும் பல் மருத்துவர் அறையிலும் ஓடுகிற சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன். கோட்டு சூட்டு போட்ட ஒருவர் காதல் தோல்வியைப் பாடுவார், பின்னால் ஒரு கூட்டம் வயலின்களை அழவைக்கும். அவ்வளவுதான் என்று ஒதுக்கிவைத்திருந்தேன். மனம் மாறியது ஹெட்ஃபோனில் ஒரு பக்கம் செத்துப்போன ஓர் இரவில். பாடகர் திடீரென்று காணாமல் போனார், ஸ்ட்ரிங்ஸ், அதாவது வில்லால் வாசிக்கும் வயலின் குடும்பம், மட்டும் மிஞ்சியது. அதுவரை ஜோடனை என்று நான் நினைத்திருந்தது, பாடகர் வாயைத் திறந்து சொல்லாத ஒன்றைத் தனியே சொல்லிக்கொண்டிருந்தது.

இந்தக் கட்டுரை அந்த ஹெட்ஃபோன் கற்றுக்கொடுத்த வழி. இசை படித்திருக்க வேண்டாம், ஸ்வரம் தெரிந்திருக்க வேண்டாம். ஒரு ஜோடி ஹெட்ஃபோனும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 1950-களின் நடுவிலிருந்து 1970-களின் நடுவரை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் வந்த பாப் ஆல்பங்கள். பாடகருக்கோ இசைக்குழுவுக்கோ பின்னால் உண்மையான வயலின், அதன் பெரிய உறவுகளான வியோலா, செல்லோ கலைஞர்கள் ஸ்டுடியோவில் உட்கார்ந்து வாசித்தவை. 1948-இல் எல்பி இசைத்தட்டு வந்த பிறகுதான் பாப் பாடகருக்கு ஒரே மனநிலையில் நாற்பது நிமிடம் தங்கியிருக்க இடம் கிடைத்தது. தனிப் பாட்டுகளின் காலம் ஆல்பங்களின் காலமாக மாறியபோது, அந்த மனநிலையை அறுந்துபோகாமல் தாங்கிப் பிடிக்கிற வேலை பெரும்பாலும் ஸ்ட்ரிங்ஸ் தலையில் விழுந்தது. இன்றைக்கு 'ரெட்ரோ' என்ற பெயரில் வருகிற புது ஆல்பங்களும் அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் இறைக்கின்றன.

முதல் படி: ஒரு பாட்டு, மூன்று முறை

ஆல்பத்துக்குள் குதிக்காதீர்கள். பீட்டில்ஸின் 'எலினார் ரிக்பி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1966, இரண்டு நிமிடச் சொச்சம். கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை. அந்த நால்வரில் ஒருவர்கூட இதில் வாத்தியம் தொடவில்லை. நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ, ஆக எட்டுப் பேர்தான். அவர்களுக்கு எழுதிக்கொடுத்தவர் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். திரைப்படங்களுக்கு பெர்னார்ட் ஹெர்மன் எழுதிய, கத்தியால் நறுக்குவது போன்ற ஸ்ட்ரிங்ஸ்தான் அவருக்கு முன்மாதிரி. சவுண்ட் இன்ஜினியர் ஜெஃப் எமெரிக் மைக்குகளை வழக்கமான தூரத்தில் வைக்காமல், வில் பட்டுவிடுமோ என்கிற அளவுக்குத் தந்திகளின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். கலைஞர்களுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. சின்னப் பிசிறும் பதிவாகிவிடுமே என்று நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போனார்கள் என்று எமெரிக் பிற்பாடு நினைவுகூர்ந்தார்.

முதல் முறை சும்மா கேளுங்கள். இரண்டாவது முறை வலது பக்க ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுங்கள். பழைய ஸ்டீரியோ மிக்ஸில் சரணங்களின்போது பாடகர் குரல் வலது பக்கத்தில் மட்டும் இருக்கிறது. அதைக் கழற்றினால் அந்த எட்டுப் பேரும் உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். (2009 மறுபதிப்பிலும் அதே மிக்ஸ்தான். 2022-இல் வந்த புது மிக்ஸில் எல்லாம் இடம் மாறிவிட்டதால் அதில் இந்த வித்தையை முயலாதீர்கள்.) மூன்றாவது முறை செல்லோக்களை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அடியில், கொஞ்சம் கரகரப்பாக, குரல் மாதிரியே ஒலிப்பவை. பாடகர் தனிமையில் வாடுகிற மனிதர்களைப் பற்றி ஒரு செய்தியாளரைப் போல ஒட்டாமல் பாடிக்கொண்டிருக்கிறார். பதற்றம் முழுக்கக் கீழே இருக்கிறது. அவர் விலகி நிற்கிறார், வாத்தியங்கள் விலகவில்லை.

இது பிடிபட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இரண்டாம் படி: ஸ்ட்ரிங்ஸ் என்ன வேலை பார்க்கிறது என்று கேளுங்கள்

முதலில், பல வயலின்கள் சேர்ந்தால் ஏன் அப்படி ஒரு வழவழப்பு வருகிறது? பத்துப் பேர் ஒரே ஸ்வரத்தை வாசித்தாலும் பத்தும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. ஒருவர் மயிரிழை மேலே, ஒருவர் மயிரிழை கீழே, ஒருவர் இமைப்பொழுது பிந்தி. விரல் நடுக்கத்தின் வேகமும் ஆளுக்கு ஆள் வேறு. இந்தச் சின்னச் சின்ன வேறுபாடுகள் கலந்துதான் அந்த வெல்வெட் ஒலி பிறக்கிறது. ஒரே வயலினைப் பதிவு செய்து பத்து முறை அப்படியே அடுக்கினால் சத்தம் கூடுமே தவிர இது வராது. சேர்ந்திசையில் குரல்கள் கலப்பதும் இதே கணக்குதான்.

அதற்கு மேல் எதிரொலி. ஹாலிவுட்டில் 1956-இல் திறந்த கேப்பிடல் கட்டிடத்துக்கு அடியில், தரைக்குக் கீழே, எதிரொலிக்கென்றே கான்கிரீட் அறைகள் கட்டினார்கள். ஸ்டுடியோவில் வாசித்ததை அந்த அறையில் ஸ்பீக்கர் வழியாக விட்டு, அறையின் முழக்கத்தை இன்னொரு மைக்கால் பிடித்துத் திரும்பக் கலப்பார்கள். அறை கட்ட முடியாதவர்களுக்கு 1957-இல் ஜெர்மனியிலிருந்து ஈஎம்டி 140 வந்தது. ஒரு பெட்டிக்குள் தொங்கும் பெரிய எஃகுத் தகடு, மொத்த எடை ஏறக்குறைய 270 கிலோ. தகடு அதிரும், அந்த அதிர்வே எதிரொலி. பழைய தட்டுகளில் வயலின்கள் பாதி கனவில் வாசிப்பது போலக் கேட்கிறதே, அதில் இந்தத் தகட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி வேலைகள். மிக எளியது விரிப்பு: பாடகரின் காலடியில் நீண்ட சுரங்களை ஜமக்காளம் போல விரித்துவிடுவது. பெரும்பாலான பாட்டுகள் இதோடு நின்றுவிடும், அதனால்தான் பலருக்குச் சலிக்கிறது. அடுத்தது பதில். பாடகர் மூச்சு வாங்குகிற இடைவெளியில் புகுந்து ஒரு சொல் சொல்லிவிட்டு அவர் திரும்புவதற்குள் ஒதுங்கிக்கொள்வது. ஃபிராங்க் சினாட்ராவுக்கு நெல்சன் ரிடில் எழுதியவற்றில் இந்த இங்கிதத்தைப் பார்க்கலாம். ரிடில் டிரம்போன் வாசித்து வந்தவர். காற்று வாத்தியக்காரருக்கு மூச்சு எங்கே முடியும் என்று தெரியாமல் இருக்குமா!

மூன்றாவது, காட்சி. கிளென் கேம்பெல் 1968-இல் பாடிய 'விச்சிட்டா லைன்மேன்' வெட்டவெளியில் கம்பிவடம் பழுதுபார்க்கும் ஒரு தொழிலாளியின் பாட்டு. அல் டி லோரி எழுதிய வயலின்கள் உச்சத்தில் மெல்லிய இழையாக நீள்கின்றன. காற்றில் ரீங்கரிக்கும் கம்பி அப்படியே காதில் விழும். வரிகளில் சொல்லியிருப்பது கொஞ்சம்தான், அந்த வெளியின் பரப்பை வயலின்தான் வரைகிறது.

நான்காவது, எனக்கு மிகப் பிடித்தது: மறைத்ததைச் சொல்லிவிடுவது. பாபி ஜென்ட்ரியின் 'ஓட் டு பில்லி ஜோ' (1967) ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. ஓர் இளைஞன் பாலத்திலிருந்து குதித்து இறந்த செய்தியைப் பாத்திரங்களை நகர்த்திக்கொண்டே பேசுகிறார்கள். ஏன் குதித்தான் என்பது கடைசிவரை வராது. பாடுகிறவளுக்குத் தெரியும், சொல்லமாட்டாள். முதலில் பதிவானது அவள் குரலும் கிதாரும்தான்; ஜிம்மி ஹாஸ்கெல் பிறகு ஒரு சின்ன ஸ்ட்ரிங்ஸ் குழுவைச் சேர்த்தார். கடைசி வரியில் அவள் அதே பாலத்திலிருந்து பூக்களைப் போடுகிறாள், குரல் முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு வயலின்கள் மட்டும் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்குகின்றன. விழுவது பூவா, அவனா? பதிலைப் பாடல் தரவில்லை. அந்த இறக்கத்தை முதல் முறை கவனித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஐந்தாவது, எதிர்வாதம். ஸ்காட் வாக்கரின் மூன்றாவது தனி ஆல்பம், 1969-இல் வந்த 'ஸ்காட் 3', ஒரு மழைப் பாட்டோடு தொடங்குகிறது. குரல் கனிந்த பாரிடோன் (ஆழ்ந்த ஆண் குரல்), மெட்டு சாந்தம், கேட்கிறவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். பின்னால் வயலின்கள் ஒன்றோடொன்று ஒட்டாத சுரங்களில் ஊதக்காற்று போல நின்றுகொண்டே இருக்கின்றன, தீர்வுக்கு வருவதே இல்லை. இசைத்தட்டில் கோளாறோ என்று ஒரு கணம் தோன்றும். ஞாபகம் இனிமையானது என்கிறார் பாடகர். ஏதோ சரியில்லை என்கிறது ஸ்ட்ரிங்ஸ்.

ஒரு பாட்டு புதிதாகக் கேட்கும்போது இந்த ஐந்தில் எது நடக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும்.

மூன்றாம் படி: முழு ஆல்பங்கள், இந்த வரிசையில்

வரிசை என் விருப்பம், கால வரிசை கிடையாது. சிறிய குழுவிலிருந்து பெரியதற்குப் போகிறேன். எடுத்த எடுப்பில் நாற்பது வயலின் கேட்டால் காது ஒன்றையும் பிரித்தறியாது.

தொடக்கம் நிக் டிரேக்கின் 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்', 1969. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த கூச்ச சுபாவி, மெல்லிய குரல், அபாரமான கிதார். தயாரிப்பாளர் ஜோ பாய்ட் முதலில் ரிச்சர்ட் ஹியூசன் என்ற அனுபவசாலியை ஸ்ட்ரிங்ஸ் எழுத வைத்தார். டிரேக்குக்கு அது ஒத்துவரவில்லை. தன் கல்லூரி நண்பன் ராபர்ட் கிர்பி எழுதட்டும் என்று சொன்னார். தொழில்முறைப் பதிவு எதிலும் கை வைத்திராத மாணவன் அவன். அந்தப் பிடிவாதம்தான் ஆல்பத்தைக் காப்பாற்றியது. 'வே டு ப்ளூ' என்ற பாட்டைக் கேளுங்கள்: டிரேக் தன் கிதாரையே கீழே வைத்துவிட்டார், குரலும் ஸ்ட்ரிங்ஸும் மட்டும். ஒளிந்துகொள்ள இருவருக்கும் இடமில்லை. 'ரிவர் மேன்' என்ற ஒரு பாட்டுக்கு மட்டும் கிர்பி எனக்கு வராது என்று ஒதுங்கிக்கொள்ள, ஹாரி ராபின்சன் எழுதினார். ஐந்து எண்ணிக்கையில் ஓடுகிற தாளத்தின் மேல் வயலின்கள் ஆற்று மூடுபனி போல எழும்பி அடங்கும். ஐந்தை விரலில் எண்ணிக்கொண்டே கேட்டால், ஸ்ட்ரிங்ஸ் அந்தக் கணக்கைக் கண்டுகொள்ளாமல் மிதப்பது தெரியும். டிரேக் 1974-இல் 26 வயதில் இறந்தார். உயிரோடிருந்தவரை இந்தத் தட்டை வாங்கியவர்கள் சொற்பம்.

இரண்டாவது, சினாட்ராவின் 'இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்', 1955. பதினாறு பாட்டு, எல்லாம் நடுநிசியில் தூக்கம் வராதவனின் மனநிலை. ரிடில் எங்கும் சத்தம் போடமாட்டார். சில பாட்டுகளில் வயலினே இருக்காது, அதையும் கவனியுங்கள். இரவில், சத்தத்தைக் குறைத்துக் கேட்க வேண்டிய ஆல்பம். காரில் போட்டால் வீண்.

மூன்றாவது, லவ் என்ற லாஸ் ஏஞ்சல்ஸ் குழுவின் 'ஃபாரெவர் சேஞ்சஸ்', 1967. உலகமே அன்பைப் பற்றிப் பாடிய கோடையில், ஆர்தர் லீ சாவைப் பற்றிப் பாடினார். அக்கூஸ்டிக் கிதார்கள், டேவிட் ஏஞ்சல் எழுதிய ஸ்ட்ரிங்ஸும் பித்தளை வாத்தியங்களும். வெயில் பளபளக்கும் ஒலி, இருட்டான வரிகள். முதல் தடவை கேட்டால் வெயில்தான் தெரியும். எனக்கு நாலைந்து தடவை ஆயிற்று.

நான்காவது, பிரெஞ்சுப் பாடகர் செர்ஜ் கான்ஸ்பூரின் 'இஸ்த்வார் தெ மெலொடி நெல்சன்', 1971. ஏழு பாட்டு, மொத்தம் 28 நிமிடம். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது. அவர் பாடுவதைவிட முணுமுணுப்பதே அதிகம். கதை ஒரு நடுவயது ஆணையும் ஒரு சிறுமியையும் பற்றியது. நெருடும், நெருடத்தான் வேண்டும். நான் இதைச் சேர்த்தது ஸ்ட்ரிங்ஸ் எழுதிய ழான் கிளோத் வனியேவுக்காக. பேஸ் கிதாரும் டிரம்ஸும் லண்டனில் பதிவாயின, ஸ்ட்ரிங்ஸ் பாரிஸில். முதல் பாட்டில் பேஸ் தனியாகச் சுற்றித் திரியும், வயலின்கள் வெகு நேரம் வரவே வராது, வந்ததும் சட்டென்று வெட்டிவிட்டுப் போய்விடும். எப்போது வரும் என்று காத்திருக்க வைப்பதும் ஒரு கலை. முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் ஏழு நிமிடத்தைத் தாண்டும், நடுவில் உள்ளவை குட்டிப் பாட்டுகள். ஒரே மூச்சில் கேளுங்கள்.

ஐந்தாவது, மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்', அதே 1971. டேவிட் வான் டிபிட் எழுதிய ஸ்ட்ரிங்ஸை டெட்ராய்ட் சிம்ஃபனியின் கலைஞர்கள் வாசித்தார்கள். பாட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று வழிந்து ஓடும். வியட்நாம் போர், வேலையின்மை, நச்சுக் காற்று என்று கோபப்பட வேண்டிய விஷயங்களை அவர் கோபமில்லாமல் பாடுவார். வயலின்கள் தோளில் கைவைத்து ஆற்றுவது போல மேலே மிதக்கும். ஐந்து வேலைகளில் விரிப்புதான் எளியது என்றேனே, விரிப்பை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோக முடியும் என்பதற்கு இதுதான் சாட்சி.

இதற்குப் பிறகு ஸ்காட் வாக்கரின் 'ஸ்காட்' வரிசையில் வந்த நான்கு தனி ஆல்பங்களுக்குப் போகலாம். நான்கும் 1967-க்கும் 1969-க்கும் இடையில் வந்தவை. நான்காவது முழுக்க முழுக்க அவரே எழுதிய பாட்டுகள். நோயல் ஸ்காட் ஏங்கல் என்ற தன் இயற்பெயரில் வெளியிட்டார். தரவரிசைப் பக்கமே தலைகாட்டாமல் போயிற்று. இன்றைக்குப் பலரும் முதலில் கைநீட்டுவது அதற்குத்தான்.

நான்காம் படி: அட்டையின் பின்பக்கம்

ஆல்பம் பிடித்துவிட்டால் பாடகரின் அடுத்த ஆல்பத்தைத் தேடாதீர்கள், வாத்தியங்களுக்கு எழுதிக்கொடுத்த அரேஞ்சரின் அடுத்த ஆல்பத்தைத் தேடுங்கள். இந்த ஒரு பழக்கம் போதும், கதவுகள் தானே திறக்கும். ரிடில், மார்ட்டின், கிர்பி, வனியே, டி லோரி என்று ஐந்து பெயரை மனதில் வைத்துக்கொண்டால் இரண்டு ஆண்டுக்குக் கேட்கச் சரக்கு இருக்கும். பர்ட் பகராக் மாதிரி மெட்டு போட்டு, எழுதி, நின்று நடத்தவும் செய்தவர்கள் தனி இனம். அவருடைய பாட்டுகளை டியோன் வார்விக் குரலில் கேளுங்கள்.

ஒரு குழப்பத்தை முன்கூட்டியே தீர்த்துவைக்கிறேன். ஸ்காட் ஆல்பங்களில் வாலி ஸ்டாட் என்று ஒரு பெயர் இருக்கும். 1970-களின் தொடக்கத்தில் அவர் பாலினம் மாறி ஏஞ்செலா மோர்லி ஆனார். பழைய அட்டைகளில் ஒரு பெயர், பிந்தைய திரையிசையில் இன்னொரு பெயர்; ஆள் ஒருவரே. தேடும்போது இரண்டையும் போடுங்கள், பின்னதை முன்வைத்து.

அரேஞ்சர்களின் பெயரை ஏன் நாம்தான் நினைவு வைத்திருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கதை. 1997-இல் தி வெர்வ் குழுவின் 'பிட்டர் ஸ்வீட் சிம்ஃபனி' உலகம் முழுக்க ஓடியது, எல்லோர் நாக்கிலும் அதன் தொடக்க வயலின் வரி. 1960-களின் நடுவில் ஆண்ட்ரூ ஓல்டம் ஆர்கெஸ்ட்ரா என்ற பெயரில் வந்த ஒரு தட்டிலிருந்து எடுத்த துண்டை அடித்தளமாக வைத்து அவர்கள் பாட்டைக் கட்டியிருந்தார்கள். அந்தத் தட்டு ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றின் வாத்திய வடிவம். வழக்கு மிரட்டல் வந்தது, பாட்டின் உரிமை ஸ்டோன்ஸ் தரப்புக்குப் போனது, 2019-இல்தான் ஸ்டோன்ஸின் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். இத்தனை இழுபறியிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்டோன்ஸ் பாடிய மூலப் பாட்டில் அந்த வயலின் வரி அப்படிக் கிடையாது, அந்த வாத்திய வடிவத்தை எழுதியவர் டேவிட் விட்டேக்கர் என்ற அரேஞ்சர். பாடலாசிரியர் பட்டியலில் அவர் பெயர் எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை. மெட்டுக்கும் வரிக்கும் உரிமை உண்டு, அரேஞ்சருக்கு அன்றைய கூலியோடு சரி.

ஐந்தாம் படி: மோனோவா ஸ்டீரியோவா

சுருக்கமாகச் சொல்கிறேன். மோனோவில் எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வரும், ஸ்டீரியோவில் இடம் வலமாகப் பிரிந்து வரும். 1960-களின் நடுவரை வந்த பாப் ஆல்பங்களுக்குப் பெரும்பாலும் மோனோதான் முதன்மை; ஸ்டீரியோவை அவசரத்தில் செய்துவைத்தார்கள். பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) மோனோவில்தான் மிக்ஸ் செய்யப்பட்டது. அதை உருவாக்கிய பிரையன் வில்சனுக்கு வலது காது கிட்டத்தட்டக் கேட்காமல் இருந்தது. 1997-இல்தான் முறையான ஸ்டீரியோ வடிவம் வந்தது, கூடவே குரல் இல்லாத வாத்தியத் தடங்களும் பெட்டித் தொகுப்பாக வந்தன. மோனோவில் இரண்டு முறை கேட்டுவிட்டு, பிறகு வாத்தியத் தடத்தைக் கேட்டு, மறுபடி மோனோவுக்கு வாருங்கள். ஒரே கட்டியாகத் தெரிந்தது இழை இழையாகப் பிரியும்.

விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். காதை முழுக்க மூடுகிற ஹெட்ஃபோன் ஒன்று போதும். பேஸைக் கூட்டிக் கொடுக்கும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வியோலாவும் செல்லோவும் அதில் மூழ்கிவிடும். பழைய இசைத்தட்டு வாங்கியே தீருவேன் என்றால் வாங்குங்கள். ஒன்று மட்டும்: மெல்லிய ஸ்ட்ரிங்ஸ் இடங்களில்தான் கீறலின் படபடப்பு அதிகம் தொந்தரவு செய்யும். ராக் தட்டில் மன்னித்துவிடக்கூடிய கீறலை இங்கே மன்னிக்க முடியாது.

ஆறாம் படி: பாகு முறிந்ததைக் கண்டுபிடிப்பது

இந்த இசையின் பெரிய ஆபத்து திகட்டல். நல்லதுக்கும் திகட்டலுக்கும் நடுவில் ஒரு கம்பிப் பதம்தான் இடைவெளி, ஜாம்பவான்களே தவறவிட்டிருக்கிறார்கள். நானே பலமுறை ஏமாந்திருக்கிறேன். கண் கலங்கிவிட்டால் நல்ல பாட்டு என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. இதைக் கற்றுக்கொள்ள பீட்டில்ஸ் என்ற ஒரே இசைக்குழுவின் இரண்டு பாட்டுகள் போதும்.

'யெஸ்டர்டே', 1965. ஒரு குரல், ஒரு கிதார், நான்கு பேர் கொண்ட ஸ்ட்ரிங் குவார்டெட். வைப்ராட்டோ எனப்படும் விரல் நடுக்கம் வேண்டாம் என்று பால் மெக்கார்ட்னி கேட்டுக்கொண்டார். உருகி வழியும் ஒலி அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்து 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோட்', 1970. ஏற்கெனவே பதிவாகியிருந்த பாட்டின் மேல் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் பதினெட்டு வயலின், நான்கு வியோலா, நான்கு செல்லோ, ஹார்ப், பித்தளை வாத்தியங்கள், போதாக்குறைக்குப் பதினான்கு பெண் குரல்கள் என்று ஏற்றினார். மெக்கார்ட்னி கடுப்பானார். ஸ்ட்ரிங்ஸ் எழுதியவர் யார் தெரியுமா? நிக் டிரேக் வேண்டாமென்ற அதே ரிச்சர்ட் ஹியூசன். திறமைசாலிதான், கேட்டதை எழுதிக் கொடுத்தார், கேட்டவருக்கு அளவு தெரியவில்லை.

1996-இல் வந்த 'ஆந்தாலஜி 3' தொகுப்பில் அதே பதிவு பிறகு ஏற்றிய இந்தச் சுமை எதுவும் இல்லாமல் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். (2003-இல் வந்த 'நேக்கட்' வடிவம் வேறொரு நாள் பாடிய வேறு பதிவு, ஒப்பிடுவதற்கு அது உதவாது.) மெலிந்த வடிவத்தில் பாடகரின் சோர்வு தெரிகிறது. கனத்த வடிவத்தில் வயலின்கள் அந்தச் சோர்வை எடுத்து, பெரிதாக்கி, உங்களுக்கே திருப்பிச் சொல்கின்றன. பாடகர் அழுகிறார், பின்னால் இருபத்தாறு பேரும் அதையே அழுகிறார்கள். எண்ணிக்கை குற்றமில்லை, மார்வின் கேயிடமும் கூட்டம் உண்டு. ஸ்ட்ரிங்ஸுக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை என்பதுதான் கோளாறு. சந்தேகம் வந்தால் மனதுக்குள் வயலின்களை அணைத்துப் பாருங்கள். பாட்டின் பொருளில் எதுவும் குறையவில்லை என்றால் அங்கே பாகு முறிந்திருக்கிறது.

ஸ்பெக்டர் பாட்டு உங்களுக்குப் பிடித்திருந்தால் அதிலும் தப்பில்லை. என்னோடு சண்டை போட ஆள் உண்டு.

ஏழாம் படி: போலியும் புதியதும்

எல்லாராலும் ஆர்கெஸ்ட்ரா கூலி கொடுக்க முடியாது. தி ஸோம்பீஸ் குழு 1968-இல் வந்த தங்கள் 'ஒடிஸி அண்ட் ஒராக்கிள்' ஆல்பத்தில் மெல்லோட்ரான் என்ற கருவியை வைத்துச் சமாளித்தார்கள். பார்வைக்கு ஆர்கன். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடா. கட்டையை அழுத்தினால் முன்பே பதிவு செய்த வயலின் ஓடும், எட்டு நொடியில் நாடா தீர்ந்துவிடும். கொஞ்சம் ஆடும், கொஞ்சம் நனைந்தது போல ஒலிக்கும். போலி என்று தள்ளிவிடத் தோன்றும், தள்ளாதீர்கள். அந்த ஆட்டத்துக்கென்றே இன்றும் அதைத் தேடிப் பயன்படுத்துகிறார்கள்.

இன்றைய ரெட்ரோ ஆல்பங்களில் நான் முதலில் கைகாட்டுவது தி லாஸ்ட் ஷேடோ பப்பெட்ஸ், 'தி ஏஜ் ஆஃப் தி அண்டர்ஸ்டேட்மென்ட்', 2008. கிதார் இசைக்குழுக்களிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள், அலெக்ஸ் டர்னரும் மைல்ஸ் கேனும், ஸ்காட் வாக்கர் மயக்கத்தில் செய்தது. ஓவன் பாலெட் எழுதி, லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. குதிரைப் பாய்ச்சலில் ஓடும் வயலின்கள். பழையதை நகலெடுக்கிறார்களா, பேசுகிறார்களா என்று யோசித்துக்கொண்டே கேட்கலாம். என் தீர்ப்பு பாட்டுக்குப் பாட்டு மாறுகிறது. அமெரிக்கப் பாடகர் பெக் 2002-இல் வெளியிட்ட 'சீ சேஞ்ச்' ஆல்பத்தில் ஸ்ட்ரிங்ஸ் எழுதியவர் அவருடைய அப்பா டேவிட் கேம்பெல். காதல் முறிந்த மகனின் பாட்டுக்கு அப்பா வயலின் எழுதியிருக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு கேட்டால் சில இடங்கள் வேறு மாதிரிக் கேட்கும். அதில் ஒரு பாட்டு வனியேயின் நிழலிலேயே நடக்கிறது. மூன்றாம் படியை ஒழுங்காகச் செய்திருந்தால் எது என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். வைஸ் பிளட் என்ற பெயரில் பாடும் நடாலி மெரிங்கின் 'டைட்டானிக் ரைசிங்' (2019) பெட்டியில் பழைய துணி வாசனை அடிக்காத ரெட்ரோ.

கடைசியாக மைக்கேல் கிவனூகாவின் 'லவ் அண்ட் ஹேட்', 2016. முதல் பாட்டு 'கோல்ட் லிட்டில் ஹார்ட்' பத்து நிமிடம். ஒரு தொலைக்காட்சித் தொடரின் தொடக்கத்தில் அதை வெட்டிப் போட்டதால் பலருக்கும் அதன் இரண்டாம் பாதி மட்டும்தான் தெரியும். முதல் பாதியில் வரிகளே கிடையாது. ஸ்ட்ரிங்ஸ் மெல்ல எழும், சொல்லில்லாத குரல்கள் சேரும், கிதார் ஒன்று அழைத்துப் பார்க்கும். அவர் பாட வாயெடுப்பதற்குள் ஐந்து நிமிடம் போயிருக்கும். விரல் தாவச் சொல்லும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்காருங்கள்.